வேக்கோ சாவுகளுக்கு யார் பதில் சொன்னார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் வேக்கோ முற்றுகையில் அத்தனை பேர் இறந்தார்களே, அரசை யாரும் தட்டிக்கேட்கவில்லையா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: கேட்டார்கள். ஆனால் உண்மை தவணை தவணையாகத்தான் வந்தது. 1993 பிப்ரவரி 28-ல், சட்டவிரோத ஆயுதங்களைத் தேடி டெக்சாஸில் டேவிட் கோரேஷின் 'பிராஞ்ச் டேவிடியன்' மதக்குழு வளாகத்துக்குள் மத்திய அதிகாரிகள் நுழைய முயன்றார்கள். துப்பாக்கிச் சண்டையில் 4 அதிகாரிகளும் குழுவினர் சிலரும் இறந்தார்கள். 51 நாள் முற்றுகை. ஏப்ரல் 19-ல் எஃப்.பி.ஐ. கண்ணீர்ப்புகையைச் செலுத்தியது; பிறகு தீ மூண்டது. குழந்தைகள் உட்பட 70-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

1995-ல் பிரதிநிதிகள் சபையின் இரு துணைக்குழுக்கள் சேர்ந்து விசாரித்தன. சோதனை பற்றிய ரகசியம் கசிந்த பிறகும் அதிகாரிகள் உள்ளே போனது ஏன் என்று துருவின. கோரேஷ் மீது பழி சுமத்திய 1996 அறிக்கை, புகைத் திட்டத்துக்கு அனுமதி தந்த அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரெனோவையும் கடுமையாகச் சாடியது.

அப்போதும் ஒன்று வெளிவரவில்லை. தீப்பற்ற வைக்கக்கூடிய கண்ணீர்ப்புகைக் குண்டுகள் சிலவற்றைத் தீ மூண்ட நாள் காலை சுட்டதை எஃப்.பி.ஐ. 1999-ல்தான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. தீயை மூட்டியவர்கள் குழுவினரே என்று 2000-ல் இதைத் தனியாக விசாரித்த முன்னாள் செனட்டர் ஜான் டான்ஃபோர்த் முடிவு சொன்னார். அது சரியென்றே வைத்துக்கொள்வோம். மக்கள் பிரதிநிதிகள் விசாரித்தபோதே அந்தக் குண்டுகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லாதது மன்னிக்க முடியாத தவறு.