குழாய்க்குள் அரை மணி நேரம்

செஞ்சியை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்பவர் என் பெரியம்மா. அறுபது வயதைத் தாண்டியும் மணிலாக் கொல்லையில் நாள் முழுதும் குனிந்து வேலை செய்பவர். சென்ற ஆண்டு அவருக்கு இடுப்பில் வலி கண்டு, இடது கால் மரத்துப் போகத் தொடங்கிற்று. முதுகெலும்பில் எந்த இடத்தில் நரம்பு அழுந்துகிறது என்று அறிய, எம்.ஆர்.ஐ. எடுத்து வரும்படி மருத்துவர் சொன்னார். பேருந்தில் நெடுந்தூரம் சென்று ஒரு ஸ்கேன் நிலையத்தை அடைந்தோம். உள்ளே போன பெரியம்மா இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "பொட்டிக்குள்ள வெச்சு மூடுற மாதிரி இருக்குதுப்பா, என்னால ஆகாது" என்றார். படம் எடுக்காமலே ஊர் திரும்பினோம்.

இடம் குறுகல், காதைப் பிளக்கும் ஓசை, அசையக்கூடாது என்ற கட்டளை, நகைகளைக் கழற்றச் சொல்லுதல் ஆகிய நான்குமே நோயாளிகளை மருளச் செய்கின்றன. மாணவர்களே, இந்த நான்குக்கும் இயற்பியல் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்தால், எந்தத் தொல்லையைக் குறைக்க முடியும், எதைப் பொறுத்தே ஆகவேண்டும் என்பதும் விளங்கும்.

படம் கிடைக்கும் விதம்

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு புரோட்டான். அது மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்கிறது. வலிமையான காந்தப்புலத்தில் உடலை வைத்தால், இச்சிறு காந்தங்களில் புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடச் சற்று மிகுதியாகின்றன. அந்த மிகுதி எவ்வளவு தெரியுமா? 1.5 டெஸ்லா புலத்தில், பத்து இலட்சம் புரோட்டான்களுக்குச் சுமார் ஐந்துதான்!

இப்புரோட்டான்கள் தலையாட்டும் பம்பரம் போலச் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா புலத்தில் அவை வினாடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை தலையாட்டும். அதே அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையைச் செலுத்தினால், தக்க நேரத்தில் தள்ளப்பட்ட ஊஞ்சல் போல அவை ஆற்றலை ஏற்கின்றன. இதுவே ஒத்ததிர்வு. அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரு மெல்லிய சைகை எழும். அதைச் சுருள்கள் வாங்கிக் கணிப்பொறிக்கு அனுப்புகின்றன.

சைகை உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அறிவது எப்படி? காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றினால், அதிர்வெண்ணும் இடத்துக்கு இடம் மாறும். இந்த வழியை 1973-இல் வெளியிட்டவர் பால் லாட்டர்பர். அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1977 ஜூலையில் ரேமண்ட் டமாடியன் குழுவினர் மனித மார்பின் ஒரு படத்தை எடுக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. இன்று இடுப்புப் பகுதியின் பல படங்களை அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். இதில் எக்ஸ் கதிர் சிறிதும் இல்லை.

ஏன் இவ்வளவு குறுகல்?

பத்து இலட்சத்துக்கு ஐந்து என்ற அளவில் எழும் சைகையைப் பெற, வலிமையும் சீர்மையும் கொண்ட புலம் வேண்டும். நீண்ட வரிச்சுருளின் நடுவில் புலம் சீராக இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். நோயாளி படுக்கும் குழாய் அத்தகைய சுருள்களின் உட்புறமே. வாயை அகலப்படுத்தினால் புலம் நிரப்பவேண்டிய பரப்பு விட்டத்தின் இருமடியில் வளரும். 60 செ.மீ. விட்டத்தை 70 செ.மீ. ஆக்கினால் பரப்பு 36 விழுக்காடு கூடுகிறது. காந்தத்தின் விலையும் ஏறுகிறது. ஆயினும் அந்தப் பத்து செ.மீ. பருமனானவர்களுக்கும் அச்சப்படுகிறவர்களுக்கும் பெரிய ஆறுதல்.

பக்கங்கள் திறந்த காந்தக் கருவிகளும் உள்ளன. ஆனால் அவற்றில் பல 0.2 முதல் 0.4 டெஸ்லா வரையே புலம் தருபவை. புலம் குறைந்தால் சைகையும் குறையும். சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசினால் திரும்பத் திரும்பக் கேட்டுத்தானே புரிந்துகொள்கிறோம்? இங்கும் அப்படியே. சைகை பாதியானால், அதே தெளிவைப் பெற நான்கு மடங்கு நேரம் அளக்க வேண்டும். திறந்த கருவியில் நெருக்கம் குறைகிறது; ஆனால் நேரத்தையோ தெளிவையோ விலையாகக் கொடுக்கிறோம். எதைக் கொடுக்கலாம் என்பதை நோயைப் பொறுத்து மருத்துவரே முடிவு செய்வார்.

ஓசையும் அசைவும்

இடம் காட்டும் சுருள்களில் மின்னோட்டம் மிக விரைவாக மாறி மாறிப் பாய்கிறது. அவை இருப்பதோ வலிய காந்தப்புலத்தில். ஃபிளெமிங்கின் இடக்கை விதியை நினைவு கூருங்கள்: அச்சுருள்கள் மீது விசை தோன்றும், அவை அதிரும். ஒலிபெருக்கியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஓசை 100 டெசிபலைத் தாண்டுவதும் உண்டு. ஆதலால் காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில நிலையங்களில் பாட்டும் கேட்கலாம். சாதாரணச் செவிக்கருவியில் காந்தம் இருப்பதால், ஒலியைக் காற்றுக் குழாய் வழியே செவிக்கு அனுப்புகிறார்கள்.

அளக்கும் நேரத்தில் அசைந்தால், ஆடிய பிள்ளையின் பழைய புகைப்படம் போலப் படம் கலங்கிவிடும். முழங்காலின் கீழ் ஒரு திண்டு வைத்தால் இடுப்பு வலிக்காரர் அசையாமல் படுக்க முடியும். சிறு குழந்தைகளுக்குத் தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் மயக்க மருந்து தருவார்கள்.

உலோகம் ஏன் ஆகாது?

1.5 டெஸ்லா என்பது புவியின் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் அதிகம். நியோபியம்-டைட்டானியம் கம்பிகளைத் திரவ ஹீலியத்தில் சுமார் -269° செல்சியசுக்குக் குளிர்வித்தால், அவை மின்தடையற்ற மீகடத்திகளாகின்றன. அவற்றில் ஒருமுறை பாய்ச்சிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும், ஊரில் மின்சாரம் நின்றாலும், அந்தக் காந்தம் நிற்பதில்லை. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் உருளையுடன் அந்த அறைக்குள் சென்ற நோயாளியின் உறவினர் ஒருவர் உயிரிழந்தார்.

பொன்னைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிக் கொடியில் கோத்துவைக்கும் எஃகு ஊக்கை இழுக்கும். மேலும், எந்த உலோகமும் படத்தைக் கெடுக்கலாம். ரேடியோ அலையால் சூடேறவும் கூடும். உடலில் இதயமுடுக்கியோ வேறு உலோகக் கருவியோ பொருத்தியிருந்தால் முன்னதாகவே சொல்லியாக வேண்டும்.

கேட்டுப் பெறக்கூடியவை

இரண்டாம் முறை செல்லும் முன், மேற்சொன்னவற்றைப் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். குழாயின் இருபுறமும் திறந்தே இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதிருந்தவர், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். கால் முன்னாக உள்ளே அனுப்பும்படி கேட்டோம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாயில் இடுப்பு நடுவில் நின்றால், தலை வாயிலின் விளிம்பருகே நின்றுவிடும். கண்மேல் ஒரு துணி போட்டார்கள். கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்து, அமுக்கினால் உடனே வெளியே எடுப்போம் என்றார்கள். உலோகம் ஏதுமில்லை எனச் சோதித்த பின், அவர் மகளை அருகில் உட்கார வைத்தார்கள்.

பெரியம்மா குமிழை அமுக்கவே இல்லை. நரம்பு அழுந்தும் இடம் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இதற்கெல்லாம் தனியே ஒரு காசும் செலவாகவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்தப் படம் எடுக்க நேர்ந்தால், முதல்நாளே உட்கார்ந்து இவற்றை அவருக்குச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

அலுமினியத் தாளில் விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள துண்டை வெட்டி, தளர்வாகத் தொங்கும்படி இரு முனைகளையும் ஒட்டுங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை அதனருகே வையுங்கள். 1.5 வோல்ட் மின்கலத்திலிருந்து இரு கம்பிகளைத் துண்டின் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். நீண்ட நேரம் தொட்டால் சூடேறும். துண்டு துள்ளும். கம்பிகளை மாற்றித் தொட்டால் எத்திசையில் துள்ளுகிறது? வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இவ்வாறு மாற்றினால் என்ன கேட்கும்?