தோட்டத்துச் சேமிப்பும் இயக்குநர் வாரியமும்

ரப்பர் தோட்டத்து லயங்களில் குடும்பத்தின் பணத்தைக் கட்டிக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, ஆண்களுக்கு இணையாகப் பால் வெட்டியவர்கள், மாதச் சம்பளத்தில் கடைக் கடன் போக எஞ்சியதைக் ‘கூட்டு’ கட்டினர். பத்துப் பேர் மாதந்தோறும் ஒரே தொகையைப் போடுவர். முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். யாரை நம்பிச் சேர்ப்பது, யாருடைய அவசரத்துக்கு முதலில் கொடுப்பது, தவறியவரிடம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் கூட்டு நடத்தும் அம்மாவின் பொறுப்பு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘கூட்டு’ என்ற நம் சொல்லே இருக்கிறது!

இத்தனை கணக்கறிந்த பெண்களுக்கு, தாங்கள் வாழ்ந்த தோட்டத்தைப் பற்றிய முடிவில் மட்டும் இடமில்லை. அம்முடிவுகள் லண்டனில், நிறுவன இயக்குநர்கள் கூடிய அறைகளில் எடுக்கப்பட்டன. 1950களின் இறுதியில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். அவை துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேமித்துப் பங்கு வாங்கும்படி தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். அன்றைய தோட்டச் சம்பளத்தில் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. 1961இல் அச்சங்கம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவுக் கொள்கை. பால் வெட்டும் பெண்ணின் சேமிப்பு இவ்வாறு முதலீடாயிற்று.

இருபது ஆண்டுகள் கழித்து, தோட்டங்களின் உரிமை வேறொரு வழியில் கைமாறியது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் எனும் மலேசிய முதலீட்டு நிறுவனம், லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைப் பெருமளவில் வாங்கி அதைத் தன் வசப்படுத்தியது. கத்ரியின் பரந்த தோட்டங்களைப் பற்றிய முடிவுகள் அதன்பின் கோலாலம்பூருக்கு வந்தன. அதே முதலீட்டு நிறுவனத்திற்கு 2018இல் தலைவராக வந்தவர் தான் ஸ்ரீ டாக்டர் செட்டி அக்தார் அசிஸ். 2000 முதல் 2016 வரை பேங்க் நெகாராவின் ஆளுநராக இருந்த அவரே அப்பதவியை வகித்த முதல் பெண். 1998 நிதி நெருக்கடியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என மதிப்பு நிலைநிறுத்தப்பட்டபோது தற்காலிக ஆளுநராக இருந்தவரும் அவர்தான்.

இத்துறைக்குள் நுழைவது எப்படி? கணக்கியல், பொருளியல், நிதியியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் பெறுவது வழக்கமான தொடக்கம். பேராக் மாணவர்களுக்குக் கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்திலேயே வணிக, நிதிப் படிப்புகள் உண்டு. அடுத்து, ஒரு நிதி நிறுவனத்தில் ஆய்வாளர் வேலை. பிறர் பணத்தை நிர்வகிக்கும் நிதி மேலாளராக உயர்வதற்குப் பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் தேவை.

ஆய்வாளரின் வேலை எண்களோடு முடிவதில்லை. ஒரு ரப்பர் கையுறை நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று பார்ப்பவர், இலாபக் கணக்கைப் படிப்பார், ஆலைக்கும் செல்வார். அங்கே தொழிலாளர் விடுதியையும் பார்த்தாரா என்பது முக்கியம். 2020இல் தொழிலாளர் நிலைமையைக் காரணம் காட்டி, மலேசியாவின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் பொருள்களை அமெரிக்கா தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்தியது. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், தண்ணீர்க் குழாய் எத்தனை என்பவை முதலீட்டாளரின் கேள்விகளும் ஆயின. லயத்து வாழ்க்கையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இக்கேள்விகள் இயல்பாகவே எழும்.

இயக்குநர் வாரியம் வரை செல்லும் பெண்கள் இன்னும் குறைவே. நிறுவனங்களில் முடிவெடுக்கும் பதவிகளில் 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என 2011இல் அரசாங்கம் இலக்கு வைத்தது. 2021இல் திருத்தப்பட்ட நிறுவன நிர்வாக நெறியும் அதே 30 விழுக்காட்டைப் பரிந்துரைக்கிறது. ஆனால், கட்டாய விதி வேறு. பங்குச் சந்தையில் இடம்பெற்ற பெரிய நிறுவனங்கள் 2022 செப்டம்பர் 1 முதலும், மற்றவை 2023 ஜூன் 1 முதலும் குறைந்தது ஒரு பெண் இயக்குநரையாவது கொண்டிருக்க வேண்டும் என்பதே அது. ஒன்பது பேர் அமரும் வாரியத்தில் நெறி மூவரைக் கேட்கிறது. விதியோ ஒருவரோடு நிறைவடைந்துவிடுகிறது.