பூனைக்குட்டியும் உண்ணி மருந்தும்

காங்கயம் பகுதியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு இருப்பு வைக்கும் கட்டுத்தரைகளில் எலிக்குக் காவல் பூனைதான். பிறந்த குட்டியைத் தாய் நக்கியே சுத்தம் செய்கிறது; அடிவயிற்றை நக்கினால்தான் குட்டி மலஜலம் கழிக்கும். 3, 4 வாரங்களில் குட்டி தானே நக்கிக்கொள்ளப் பழகுகிறது.

ஆபத்தும் இதில்தான். ரோமத்தில் படும் மருந்து வயிற்றுக்குள் போய்விடுகிறது. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மருந்துகளை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நடுக்கமும் வலிப்பும் கண்டு இறக்கவும் நேரும்.

எனவே மருந்து தெளிக்கும் நாளில் தாயையும் குட்டிகளையும் வேறிடத்தில் அடைத்து வைக்கவும். மாடும் தரையும் நன்கு காய்ந்த பிறகே விடவும். மேலே பட்டுவிட்டால் உடனே வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.