எஸ்எஸ்எம் தாள் போலிச் சரக்கைத் தடுக்காது

புக்கிட் தெங்கா வட்டாரத்தில் மசாலாத் தூளோ முறுக்கோ செய்து விற்பவர்களிடம் போலிச் சரக்கு பற்றிப் பேசினால் ஒரே பல்லவிதான்: “எஸ்எஸ்எம்ல பேரைப் பதிஞ்சாச்சு. இனி யாரும் தொட முடியாது.”

தொடுவார்கள். உங்கள் பெயரையே பொட்டலத்தில் அச்சடித்துப் பாசார் மாலாமில் விற்பார்கள்.

எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தின் சான்றிதழ், நீங்கள் தொழில் நடத்துகிறீர்கள் என்பதற்கான பதிவு மட்டுமே. பொட்டலத்தின் மேலுள்ள பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமையைப் பதிவது மைஐபிஓ எனும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகம். அலுவலகமும் வேறு, சட்டமும் வேறு. 2019 டிசம்பர் 27இல் நடப்புக்கு வந்த வணிகச்சின்னச் சட்டப்படி, பதிவுபெற்ற சின்னத்தைப் போலியாக உருவாக்கினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “பதிவுபெற்ற” என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

பதியாதவருக்கு வழியே இல்லையா? உரிமையியல் வழக்குப் போடலாம். உங்கள் பெயருக்கு மக்களிடம் மதிப்புண்டு, எதிராளி அவர்களைக் குழப்புகிறார், அதனால் உங்களுக்கு நட்டம் என மூன்றையும் நிரூபிக்க வேண்டும். ஜாலான் ஈப்போவின் மெக்கறி உணவகம் போலிக்கடை அல்ல; ஆனாலும் அதன்மீது மெக்டொனால்ட்ஸ் 2001இல் போட்டது இவ்வகை வழக்குதான். உயர்நீதிமன்றத்தில் வென்ற அந்த உலக நிறுவனம், 2009இல் மேல்முறையீட்டில் தோற்றது. கூட்டரசு நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அவர்களுக்கே எட்டு ஆண்டு. முறுக்குக் கடைக்கு?

மற்ற கதைகளைச் சட்டென்று முடித்துவிடலாம்.

“இந்தியப் பதிவு இங்கும் செல்லும்.” செல்லாது. இந்த உரிமை நாட்டுக்கு நாடு தனி. மாட்ரிட் முறையில் மலேசியாவையும் குறிப்பிட்டு விண்ணப்பித்தால்தான் உண்டு.

“ஒருமுறை பதிந்தால் எல்லாவற்றுக்கும் போதும்.” மசாலா 30ஆம் வகுப்பு, உணவகம் 43ஆம் வகுப்பு. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

“காப்பி என்று சொல்லியே விற்றால் குற்றமில்லை.” குற்றம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அபராதம் விழலாம்.

பதிந்தபின் போலி கண்ணில் பட்டால் ஃபேஸ்புக்கில் புலம்பாதீர்கள். ஒன்றை வாங்கி, ரசீதோடும் பதிவுச் சான்றோடும் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுங்கள். சோதனையிட்டுப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

நம் வணிகச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விருந்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன், ஒரு சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்து உறுப்பினர்களை உட்காரவைத்து விண்ணப்பம் போட வையுங்கள். பொன்னாடையைப் பிறகு போர்த்திக்கொள்ளலாம்.