ஸ்டாண்டு வேறு, பர்மிட் வேறு

குன்னூரில் டாக்ஸி தகராறு ஒன்று கிளம்பினால், "இவனுக்கெல்லாம் முனிசிபாலிட்டி எப்படி லைசென்ஸ் கொடுத்தது?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நகராட்சி கொடுக்கவில்லை. அதற்கு அந்த அதிகாரமும் கிடையாது. வாடகைக்கு ஓடும் காருக்குப் பர்மிட் தருவது, 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி வட்டாரப் போக்குவரத்து ஆணையம். நம் மாவட்டத்தில் அந்த வேலை ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியாக நடக்கிறது. வண்டி எங்கே நிற்கலாம் என்ற ஒரு விஷயத்தில்தான் உள்ளாட்சிக்குப் பேச்சு உண்டு. அதிலும்கூட நிறுத்துமிடத்தை முடிவு செய்வது மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்தவரோதான். உள்ளாட்சியைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டத்தின் 117ஆம் பிரிவு. வாடகை விகிதம்கூட நகராட்சி கையில் இல்லை. 67ஆம் பிரிவு அதை மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது.

இங்கிலாந்தில் உறவினர் உள்ளவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். லண்டனுக்கு வெளியே அங்கே ஊர் கவுன்சிலே டாக்ஸிக்கும் டிரைவருக்கும் உரிமம் தருகிறது. தெருவில் கைகாட்டி ஏறும் டாக்ஸிக்கு 1847ஆம் வருடச் சட்டம், முன்பதிவு செய்தால் மட்டும் வரும் காருக்கு 1976ஆம் வருடச் சட்டம். நம் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. டிரைவரை விட்டு ஆறு பேர் வரை ஏற்றினால் மோட்டார் கேப், அதற்கு மேல் பன்னிரண்டு பேர் வரை மேக்ஸி கேப். இரண்டுக்கும் பர்மிட் தருவது ஒரே ஆணையம்.

"ஸ்டாண்டுல இடம் வாங்கிட்டா பர்மிட் கிடைச்ச மாதிரி" என்பது அடுத்த நம்பிக்கை. இதில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் புதிதாகத் தொழிலுக்கு வருகிற இளைஞர்கள். அதனால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டாண்டு வரிசை என்பது சங்கத்துக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. சவாரி எல்லோருக்கும் முறையாகப் போய்ச் சேர அது உதவுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சங்க ரசீது பர்மிட் ஆகாது. பர்மிட்டோடு சேர்த்து வண்டியைக் கைமாற்றிக்கொள்வதும் வாய்ப்பேச்சில் முடிகிற காரியம் அல்ல. ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பர்மிட் கைமாறாது என்று 82ஆம் பிரிவு சொல்கிறது.

அதே பிரிவில் டிரைவர் குடும்பங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. பர்மிட் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் மூன்று மாதம் வரை அதே பர்மிட்டில் வண்டியை ஓட விடலாம். அதற்கு, இறந்த 30 நாளுக்குள் அந்தத் தகவலையும், பர்மிட்டைத் தாம் பயன்படுத்தப் போவதையும் ஆணையத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கும் மனுப் போட வேண்டும். துக்க வீட்டில் இதை யார் நினைப்பார்கள்? கருமாதி முடிந்து, கடன்காரர் வந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நினைவுக்கு வரும்போது அந்த 30 நாள் ஓடிப்போயிருக்கும். கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். சங்கங்கள் மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போதே அந்த விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டுக்குப் பேருதவி.

இனி, எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை: "ஓன் போர்டா இருந்தா என்ன, கார் கார்தானே. வாடகையும் குறைச்சல்." சீசனில் ரயில் வந்து நிற்கும் நேரம் பாருங்கள். மஞ்சள் பலகை வண்டிகளுக்குச் சற்றுத் தள்ளி வெள்ளைப் பலகைக் கார் ஒன்று, சொந்த உபயோகத்துக்கென்று பதிவான ஓன் போர்டு, நிற்கும். சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ், எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று பேரம் நடக்கும்.

கார் கார்தான், ஆனால் பரிசோதனையில் வித்தியாசம் இருக்கிறது. மஞ்சள் பலகை மாட்டிய டி போர்டு வண்டிக்கு முதல் எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டு வருடம் செல்லும். பிறகு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் வருடா வருடம் காட்டியாக வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர் எல்லாம் பார்க்கிறார்கள். ஓன் போர்டு கார் பதிவான நாளிலிருந்து 15 வருடம் வரை இப்படி எந்தப் பரிசோதனைக்கும் போக வேண்டியதில்லை. சமவெளியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,500 மீட்டர் இறக்கம். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டி பர்லியார் பக்கம் ஓரங்கட்டியிருக்கும். கதவைத் திறந்ததும் லைனிங் கருகிய நெடி மூக்கில் ஏறும். தேய்ந்த பிரேக்கோடு அங்கே வந்து நிற்பது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை மலையில் ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் அதற்கும் மேல். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது அடிப்படை விதிமீறல் என்று 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். நாலு சவாரிக்கு ஆசைப்பட்ட குடும்பம் வீட்டை விற்கும் நிலைக்கு வருவது இப்படித்தான். பிடிபட்டால் தண்டனை தனி. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. "செல்ஃப் டிரைவுக்குத்தானே கொடுக்கிறேன்" என்ற சமாதானமும் எடுபடாது. அதற்கென 1989ஆம் வருடத் திட்டம் ஒன்று தனியாக உண்டு. குறைந்தது 50 வண்டி வைத்திருப்பவருக்குத்தான் அந்த உரிமம். பலகையும் கறுப்பு, எழுத்து மஞ்சள்.

"பேட்ஜ் இல்லாம டாக்ஸி தொடக்கூடாது" என்பது பழைய கதை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வாடகை வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. சட்டம் அப்படி. ஆனாலும் குறுகலான ஏற்றத்தில், இறங்கி வருகிற வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடிப்பவரிடம் சவாரியை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

"கோயம்புத்தூர் டாக்ஸி இங்கே சைட் சீயிங் போகக் கூடாது" என்று மறிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. செல்லுபடியான பர்மிட்டில் அழைத்து வந்த பயணிகளை அவர் சுற்றிக் காட்டலாம். பர்மிட் இல்லாத வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 207ஆம் பிரிவில் போலீசுக்கும் அதற்கென அதிகாரம் பெற்றவர்களுக்கும் மட்டுமே உண்டு. உள்ளூர் டிரைவரின் கோபம் எனக்குப் புரிகிறது. வருடத்தில் சில மாத வருமானத்தில் வருடம் முழுக்கத் தவணை கட்டுகிறவர் அவர். அவருக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். அதை அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். நடுரோட்டில் குடும்பத்தோடு வந்தவரை இறக்கிவிட்டால் நாளைக்கு அந்தப் பார்ட்டி குன்னூர் பக்கமே திரும்பாது.

வெளியூர்க்காரருக்கு உண்மையான கட்டுப்பாடு வேறு இடத்திலிருந்து வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது நீதிமன்றம். டி.என். 43 பதிவு உள்ள உள்ளூர் வண்டிக்குப் பாஸ் தேவையில்லை. இதை வைத்துத்தான் "டாக்ஸி பிடிச்சா பாஸ் வேண்டாம்" என்ற பேச்சு கிளம்பியது. மேட்டுப்பாளையத்தில் டி.என். 43 டாக்ஸி பிடித்தால் அது சரி. வெளி மாவட்டப் பதிவு என்றால் மஞ்சள் பலகையாக இருந்தாலும் பாஸ் எடுத்தாக வேண்டும்.

ஏறுவதற்கு முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். எஃப்.சி., இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். பர்மிட்டைப் பார்க்க வேண்டுமானால் டிரைவரிடமே கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் டேஷ்போர்டைத் திறந்து எடுத்துக் காட்டிவிடுவார்.