யாருடைய லேபில் சேர்வது?

அமெரிக்காவில் உடல்நோய்க்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் கிளினிக்கல் ஹெல்த் சைக்காலஜியில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் முதலில் புரட்டுவது பல்கலைக்கழகங்களின் தரவரிசையை. இந்தத் துறையில் அது அதிகம் உதவாது. பெரும்பாலான திட்டங்களில் உங்களைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு பேராசிரியர். நம்மூர் வழக்கில் சொன்னால் கைடு. ஓர் ஆண்டில் அவர் ஒரு மாணவரை எடுப்பார், மிஞ்சினால் இருவர். சில ஆண்டுகளில் யாரையுமே எடுக்கமாட்டார். அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் அவருடைய லேபில்தான் உங்கள் பிழைப்பு. எனவே அவர் பெயருக்குக் கீழே 'ஆய்வு ஆர்வங்கள்' என்று போட்டிருக்கும் மூன்று வரியை நிதானமாகப் படிக்கவேண்டும். 'மன அழுத்தமும் உடல்நலமும்' என்று இருவர் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். இருவர் லேபிலும் அன்றாடம் நடக்கும் வேலைக்குள் ஒட்டுறவே இருக்காது.

ஒரு வகை லேப் உடலுக்குள் பார்க்கிறது. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசரும் போட்ட பாதை அது. அல்சைமர் வந்த உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களின் கையில் மிகச் சிறிய காயம் ஒன்றை உண்டாக்கி, அது ஆறும் நாட்களைக் கணக்கிட்டார்கள். அதே வயதுள்ள மற்ற 13 பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. 1995-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு இது. படித்த எவருக்கும் ஆசை வரும். ஆனால் இப்படிப்பட்ட லேபில் சேர்ந்தால் ரத்த மாதிரி, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைப் பார்க்கக் குப்பியில் எச்சில், ஃப்ரீஸர், அப்புறம் புள்ளியியல் என்றுதான் நாள் போகும். நோயாளியோடு உட்கார்ந்து பேசும் பயிற்சியை லேபுக்கு வெளியே, மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் ப்ராக்டிகத்தில் தேடிக்கொள்ளவேண்டும். இதய நோயை இந்தக் கோணத்தில் ஆராய்வதற்குப் பெயர்பெற்ற இடம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம்.

இன்னொரு வகை, சிகிச்சை முறைகளைச் சோதிக்கும் லேப். மயாமி பல்கலைக்கழகத்தில் நீல் ஷ்னைடர்மனும் மைக்கேல் அன்டோனியும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காகவும், பிறகு மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்காகவும் 10 வாரக் குழுப் பயிற்சி ஒன்றை உருவாக்கிச் சோதித்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் கீஃப் வலியைச் சமாளிக்கும் பயிற்சியை மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் சோதித்தார். இந்த மாதிரி லேபில் நீங்களே குழுவை நடத்தும் வாய்ப்பு உண்டு. கையேட்டை விட்டு விலகினீர்களா என்று ஒலிப்பதிவைக் கேட்டு ஒருவர் மதிப்பெண் போடுவார், அது வேறு. உண்மையான தொல்லை காலம்தான். நீங்கள் சேரும் ஆண்டில் தொடங்கும் சோதனை, நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகுதான் முடியக்கூடும். அதை நம்பி ஆய்வேட்டைத் திட்டமிட்டால் ஏழாம் ஆண்டிலும் அங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள். 'முடிந்துபோன ஆய்வின் தரவு லேபில் இருக்கிறதா, மாணவர்கள் அதைப் பயன்படுத்தலாமா?' என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். ஆம் என்றால், தனக்கு எது பிடிக்கும் என்று இன்னும் முடிவாகாத மாணவருக்கு இந்த வகை லேபையே நான் சொல்வேன்.

புகை, தூக்கம், எடை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவது போன்ற பழக்கங்களை ஆராயும் லேப்கள் மூன்றாவது வகை. தரவு வேகமாகச் சேரும், கட்டுரையும் வேகமாக வரும். குழந்தைகளின் நீண்டகால நோய்களில் விருப்பம் உள்ளவர்கள், பல்கலைக்கழகத்தோடு குழந்தைகள் மருத்துவமனை இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 விசாவில் போகிறவர்கள், ஆய்வுத் தலைப்பைவிட அதற்கு வரும் பணத்தின் வகையைக் கவனிக்கவேண்டும். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச்., மாணவர்களுக்குத் தரும் டி32, எஃப்31 உதவித்தொகைகள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. 'எங்களிடம் டி32 இருக்கிறது' என்று பெருமையாகச் சொல்லும் துறையில் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. பேராசிரியரின் சொந்த ஆர்01 கிராண்டிலிருந்து உங்களுக்குச் சம்பளம் தரலாம். இல்லையென்றால் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை. யாரிடம் எந்த கிராண்ட், அது எந்த ஆண்டில் முடிகிறது என்பதை என்.ஐ.எச். ரிப்போர்ட்டர் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். முடியும் தேதியும் முழு உத்தரவாதம் அல்ல. 2025-ல் என்.ஐ.எச். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராண்டுகளைப் பாதியில் நிறுத்தியது. இன ஏற்றத்தாழ்வு, பாலினச் சிறுபான்மையினர் நலம் போன்றவற்றை ஆராய்ந்தவர்கள் பலமாக அடிபட்டார்கள். சில கிராண்டுகள் நீதிமன்றம் போய்த் திரும்பின. ஒரே கிராண்டை நம்பி ஓடும் லேப், தலைப்பு எவ்வளவு பிடித்திருந்தாலும், வெளிநாட்டு மாணவருக்கு ஆபத்து.

கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப்பிலும் இதே கதை. முன்னாள் ராணுவத்தினருக்கான வி.ஏ. மருத்துவமனைகள்தான் அந்த நாட்டில் உளவியலாளர்களுக்கு மிக அதிகமாகப் பயிற்சி தரும் இடம். அங்கே சேரக் குடியுரிமை வேண்டும். ஆகவே அந்தத் திட்டத்தின் பழைய வெளிநாட்டு மாணவர்கள் எந்த மருத்துவமனைகளுக்குப் போனார்கள் என்று விசாரியுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் திட்டமும் படிப்பை முடிக்க ஆன காலம், இடையில் விலகியவர்கள், இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள் எண்ணிக்கையைப் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். தரவரிசையைவிட அந்த அட்டவணை உண்மை பேசும். ஆய்வைவிடச் சிகிச்சைப் பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் சை.டி. பட்டத்தில் பெரும்பாலும் செலவு உங்களுடையது. வசதி இருந்தால் யோசிக்கலாம்.

மூத்த பேராசிரியரா, புதிதாகச் சேர்ந்த அசிஸ்டன்ட் புரொஃபசரா? மூத்தவருக்கு ஊரெல்லாம் தொடர்பு, ஆனால் நீங்கள் நான்காம் ஆண்டில் இருக்கும்போது அவர் ஓய்வுபெறலாம். இளையவர் டென்யூருக்காக, அதாவது நிரந்தரப் பணிக்காக ஓடுவார், உங்களையும் ஓடவைப்பார். நிறையக் கட்டுரை வரும், டென்யூர் கிடைக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார். சமீபத்தில் டென்யூர் பெற்ற அசோசியேட் புரொஃபசர் என் தேர்வு. யாராக இருந்தாலும், கடந்த மூன்றாண்டுக் கட்டுரைகளை மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டும் பப்மெட் தளத்தில் தேடி முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். மாணவர் பெயர் ஒருமுறைகூட முதலில் வராத லேபைத் தள்ளிவைக்கலாம்.

விண்ணப்பக் கெடு பல இடங்களில் டிசம்பர் தொடக்கம். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேராசிரியருக்கு எழுதுங்கள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி இரண்டு பக்கம் வேண்டாம், நாலு வரி போதும்: அவருடைய எந்தக் கட்டுரை உங்களை இழுத்தது, நீங்கள் செய்த ஆய்வு என்ன, வரும் ஆண்டில் மாணவர் எடுக்கிறாரா, எஃப்-1 மாணவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்.