பித்தளைப் பட்டறைக்கு வரும் பிள்ளைக்கு

கண்ணு, தை பிறந்ததும் பட்டறைக்கு வரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சுத்தியல் பிடிக்கக் கை தானாகப் பழகிவிடும். மற்றதைச் சொல்லி வைக்கிறேன்.

1. பொறுத்திரு. தட்டத் தட்டப் பித்தளை இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் கீறும். அதனால்தான் இடையிடையே காய்ச்சுகிறோம். துப்பாக்கித் தோட்டாவின் கூடும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளைதான். அதையும் ஒரே இழுப்பில் நீட்ட முடியாது. இழுத்து, காய்ச்சி, ஆறவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். பெரிய ஆலைக்கே குறுக்கு வழி இல்லாதபோது நமக்கு ஏது?

2. காய்ச்சுவதை நிழலில் செய். நம் சேலத்துச் சித்திரை வெயிலில் நெருப்பின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. மங்கிய சிவப்பு கண்டதும் எடுத்துவிடு. அதற்கு மேல் போனால் தகடு சொரசொரக்கும். இன்னும் போனால் துத்தநாகம் வெள்ளைப் புகையாய்க் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவன் ராத்திரி குளிர்காய்ச்சலில் கிடப்பான்.

3. இதை நன்றாகக் கேள். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே கழுத்தில் வெடிப்பு விட்டன. அவற்றைக் குதிரை லாயத்தில் அடுக்கியிருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, மழை ஈரம், செய்யும்போதே கூட்டுக்குள் தங்கிவிட்ட இறுக்கம், இந்த மூன்றும் கூடியதுதான் காரணம் என்று 1921ல் ஆராய்ந்து சொன்னார்கள்.

லாயம் நம் ஊரில் இல்லைதான். ஆனால் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்குள் நுழைந்தால் கண்ணைக் கரிக்கிறதே, அதுவும் அம்மோனியாதான். தெரிந்த ஒருவர் புதுக் குடங்களை ஐப்பசி மாதம் பண்ணைக் கொட்டகையில் போட்டு வைத்தார். மார்கழியில் எடுத்தால் கழுத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு. வேலை முடிந்த பாத்திரத்தைச் சுமார் 275 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எடு. உள்ளிறுக்கம் தளரும், உறுதி கெடாது. விலைக்கு ஆள் வந்து நின்றாலும் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதே. உள்ளே இறுக்கத்தை வைத்துக்கொண்டு வெளியே பளபளப்பது பித்தளைக்கும் நல்லதில்லை, மனுசனுக்கும் நல்லதில்லை.

4. மெருகு போடுவதற்கு முன்னால் பார். புளி போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பு. விரலால் சுண்டிக் கேள். கீறல் இருந்தால் நாதம் செத்திருக்கும். என் ஆசான், சீர்வரிசைக்குப் பெண்வீட்டார் வாசலில் காத்திருக்க, கீறல் கண்ட தவலையை அவர்கள் கண்ணெதிரே உடைத்துப் பழைய எடையில் போட்டார். பற்றவைத்து மறைக்க அவருக்கு அரை நாழிகை போதும். செய்யவில்லை. அந்தக் குடும்பம் அடுத்த தலைமுறைக்கும் எங்களிடமே வந்தது.

5. பழைய பித்தளை எடைக்கு வரும்போது தோட்டாக் கூடு கலந்திருக்கலாம். சுட்டதா, சுடாததா என்று நோண்டாதே. உலைப் பக்கமே கொண்டுபோகாதே. காவல் நிலையத்தில் சொல்லிவிடு. சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து, கழுத்தைக் காய்ச்சி, மறுபடி மருந்து நிரப்புவதை மேல்நாடுகளில் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். கைவேலை தெரிந்த பையனுக்கு ஆசை வரும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். உனக்குத் தெரிந்த வேலை எல்லாம் நீ செய்தாக வேண்டிய வேலை இல்லை, கண்ணு.

6. ஈயம் பூசினால் நவச்சாரம் துளியும் ஒட்டாமல் கழுவு. அம்மோனியா அதிலும் உண்டு. பூசுவது வெள்ளீயமாகவே இருக்கட்டும். காரீயம் கலந்து மலிவாய்ப் பூசித் தரச் சொல்லி ஆள் வருவார்கள். கூலி போனாலும் திருப்பி அனுப்பு. அந்தப் பாத்திரத்தில்தான் ஒரு வீட்டில் புளி கரைத்து ரசம் கொதிக்கப் போகிறது.